மச்சான் பிடித்த கயிறு

அத்தியாயம் 6

துறைமுக வாசலில் ஆளுக்கொரு வெள்ளைக் கார்டைக் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அதில் பேரும் கிடையாது, போட்டோவும் கிடையாது. ‘பார்வையாளர்’ என்று மட்டும் இருந்தது.

“வெட்டப் போற ஆட்டுக்குக்கூட பூமாலை போடுவாங்கக்கா. நமக்கு பிளாஸ்டிக்,” என்றான் உதவியாளன் பெனிஸ்டன்.

சந்தனச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் சிறையில் பார்த்த இரண்டு உள்ளங்கைகள் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ரோச்சின் கைகள் அவை. கயிறு உருவிக்கொண்டு போனதில் தோல் வழன்று, புண் ஆறாமல் இருந்தது. அவள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. “நான்தான் கொன்னேன்.”

சப்-இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டு மில்லர்புரத்தில் துப்பறியும் ஆபீஸ் போட்ட நாளிலிருந்து, செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று அடம்பிடிக்கிற ஆளை அவள் பார்த்ததே இல்லை. செய்துவிட்டு இல்லை என்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறாள். அந்த ரகத்தை வழிக்குக் கொண்டுவர அவளுக்குத் தெரியும். இவனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

செத்தவன் வளன். சின்ன வயதிலிருந்து சங்கு குளித்தவன். கடலடி மண்ணை உறிஞ்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தும் ஒரு கம்பெனியில் முக்குளிப்பவனாகச் சேர்ந்திருந்தான். பம்பின் வாயில் கிழிந்த வலை சிக்கிக்கொண்டால் கீழே இறங்கி அறுத்துவிடுவதுதான் வேலை. அப்படி இறங்கியிருந்தபோது பம்ப் ஓடியது. அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. பெட்டியைத் திறக்காமலே கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.

மேலே அவனுடைய கயிற்றைப் பிடித்திருந்தவன் ரோச். வளனின் மனைவி எமில்டாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. இந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். கீழே இருப்பவன் உயிர் அந்தக் கையில் இருக்கிறது. அக்காவின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற பயத்தோடு பிடிக்கிற கைக்கு ஈடாக வேறெந்தக் கையும் வராது என்று ஆட்கள் நம்பினார்கள். இன்றைக்கும் நம்புகிறார்கள்.

போலீஸின் வாதம் எளிமையானது. ஆள் கீழே இருக்கிறான் என்று மிஷினுக்குச் சொல்லிவிட்டால் பம்ப் ஓடவே ஓடாது. பம்ப் ஓடியது. அப்படியானால் ஆள் ஏறிவிட்டான் என்று யாரோ பொய்யாகப் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அது கயிறு பிடித்தவனின் வேலை. போதாக்குறைக்கு முந்தின வாரம் ஒரு ஞானஸ்நான விருந்தில் ரோச் ஊரறிய வளனின் சட்டையைப் பிடித்திருக்கிறான். இப்போது வாயாலும் ஒப்புக்கொள்கிறான். கொலை வழக்காகக் குற்றப்பத்திரிகை தயாராகிக்கொண்டிருந்தது.

எமில்டா அதே கம்பெனியின் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். மில்லர்புரத்துக்கு வந்து அவள் சொன்னது இவ்வளவுதான்: “புருஷனைப் புதைச்சாச்சு. இப்பம் தம்பியையும் சேத்துப் புதைன்னு சொல்லுதாங்க. அவன் அந்தப் பட்டனைத் தொட்டிருக்க மாட்டான். நீங்க பாத்துச் சொல்லுங்க.”

பம்பைச் சுமக்கும் தட்டைக் கப்பலான பார்ஜ், படகுத்துறைப் பாலத்தோரம் கட்டிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் பழைய சினேகிதத்துக்காக ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்ள அனுமதித்து, ஓர் ஏட்டையும் கூட அனுப்பியிருந்தார். ஏட்டு நிழல் பார்த்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். இன்ஜினியர் கிளைட்டன் கரையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். அந்த இடைவெளியில் சந்தனச்செல்வி பம்ப் ஓட்டும் முத்துக்கனியிடம் போனாள்.

“அண்ணாச்சி, அன்னைக்கு ரோச் எங்க நின்னான்?”

முத்துக்கனி கடல் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியைக் காட்டினார். “அங்கன. கயித்தை இடது கையில ஒரு சுத்துச் சுத்திப் பிடிச்சிருந்தான். அப்பிடித்தான் பிடிப்பாங்க.”

அவள் கம்பியைப் பார்த்தாள். பட்டன்கள் இருந்த பெட்டியைப் பார்த்தாள். நடுவில் தளத்தின் முழு அகலமும் கிடந்தது.

“கயித்தை விடாம அவன் இந்தப் பெட்டிக்கு வர முடியுமா?”

“முடியாது. விட்டா நான் பாத்திருப்பேன்.”

“அப்ப பம்பை ஓட்டுனது யாரு?”

முத்துக்கனியின் கண் தரைக்குப் போனது. “பச்சை பட்டனை அழுத்துனது நான்தாம்மா.”

“ஆள் கீழ இருக்கையில ஏன் அழுத்துனீங்க?”

“எப்பவும் அழுத்துவேன். அவங்க மேல வர எம்புட்டு நேரம் ஆகும்னு நமக்குத் தெரியாது. அழுத்திப் பாக்கது. ஓடலைன்னா ஆள் உள்ள இருக்கான். ஓடிச்சுன்னா ஏறிட்டான். மிஷின்தான் தடுத்துருமே. எல்லாரும் அப்பிடித்தான் செய்வோம்.” அவர் பட்டனை விட்டு ஓர் எட்டுத் தள்ளி நின்றார். “அன்னைக்குத் தடுக்கல.”

உயிரைக் காக்க வைத்த பூட்டை, வீட்டில் ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற கதவாக ஆக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது காப்பாற்றிக் கொடுத்ததால் யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. சந்தனச்செல்விக்கு அந்த மனிதர் மேல் கோபம் வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அது நிலைக்கவில்லை.

கிளைட்டன் வந்தான். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, நல்ல பேச்சு. பார்ஜின் மிஷின்களுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு.

“எங்க மிஷின்ல ஒளிக்க ஒண்ணும் இல்ல மேடம். நீங்களே பாருங்க.”

அவன் தன் நீலக் கம்பெனிக் கார்டைப் பெட்டியில் காட்டினான். கயிறு பிடிக்கிறவர் கயிற்றைக் கையில் எடுக்கும் முன் தன் கார்டைக் காட்டி, ‘இறங்கியாச்சு’ பட்டனை அழுத்த வேண்டும். ஆள் மேலே வந்ததும் ‘ஏறியாச்சு’ பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் முறை. முதல் பட்டனை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு மண்ணைத் துப்பும் பெரிய குழாயின் மேல் சாவதானமாக ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, இப்பம் பச்சையை அழுத்துங்க,” என்றான்.

முத்துக்கனி அழுத்தினார். பம்ப் அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். ஊகூம்.

“பாத்தீங்களா? சாமியே வந்து அழுத்தினாலும் ஓடாது.”

“சாமிக்குக் கார்டு கொடுத்திருக்கீங்களா சார்?” என்றான் பெனிஸ்டன்.

கிளைட்டன் அவனைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் சந்தனச்செல்வி கண்டுகொண்டாள். பெனிஸ்டன் வாயில் வருவது பாதி குப்பை, மீதி பாதியில்தான் அவளுக்குப் பிழைப்பு நடக்கிறது.

“ரோச் உங்க கம்பெனி ஆளா?” என்று கேட்டாள்.

“இல்ல. கம்பெனியில கயிறு பிடிக்க லோடுமேன் யாரையாவது போடுவோம். அன்னைக்கு வளன் எங்க ஆள் வேண்டாம், மச்சான் வந்தாத்தான் இறங்குவேன்னுட்டான். இந்த ஊர்ல அதை மறுக்க முடியுமா? வரட்டும்னு விட்டோம்.”

“அப்ப அவன் எந்தக் கார்டைக் காட்டினான்?”

“வாசல்ல கொடுக்கதுதான். எந்தக் கார்டா இருந்தா என்ன மேடம்? எல்லாம் ஒண்ணுதான்.”

சந்தனச்செல்வி தன் கழுத்திலிருந்த வெள்ளைக் கார்டைக் கழற்றினாள். கீழே யாரும் இல்லை என்று முத்துக்கனியிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டாள். கார்டைப் பெட்டியில் காட்டி, ‘இறங்கியாச்சு’ பட்டனை அழுத்தினாள். கிளைட்டன் குழாயிலிருந்து காலை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனான். சிவப்பு விளக்கு எரிந்தது.

“அண்ணாச்சி, பச்சை.”

முத்துக்கனி விரலை வைத்தார்.

பம்ப் ஓடியது.

தளம் அதிர்ந்தது. குழாய் துள்ளி, உள்ளே நீர் இரைந்துகொண்டு வந்தது. ஏட்டு செருப்பில்லாமல் எழுந்து ஓடிவந்தார். சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை. ஆள் கீழே இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே நின்றது. ‘ஏறியாச்சு’ பட்டனை யாரும் தொடவில்லை.

முத்துக்கனி பதறி நிறுத்தினார். “அன்னைக்கும் இப்பிடித்தான் சிவப்பு எரிஞ்சுது. நான் சொன்னேன். கண்ணு மயங்கியிருக்கும், வெளிய சொல்லி மாட்டிக்காதீங்கன்னு இன்ஜினியர் சார்தான் சொன்னாரு.”

“ஏட்டையா, பாத்தீங்கள்லா?” என்றாள் சந்தனச்செல்வி.

“பாத்தேன் மேடம்,” என்றார் ஏட்டு. தூக்கம் முழுக்கப் போயிருந்தது.

பெனிஸ்டன் அதற்குள் பெட்டியின் திரையைக் குடைய ஆரம்பித்திருந்தான். இன்ஜினியரிங் படித்துவிட்டு இரண்டு கம்பெனிகளில் வாய்த்துடுக்கால் வேலையை இழந்தவன். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் வாய் கொஞ்சம் அடங்கும்.

“அக்கா, இதுல ரெண்டு ஆளு இருக்காங்க. பெரிய ஆளு சி-ங்கற மொழியில எழுதின புரோகிராம். பம்பை ஓட்டுறது, நிறுத்துறது எல்லாம் அவரு. இறுகிப்போன ஆளு. எழுதினவரைத் தவிர யாரும் உள்ள கைவைக்க முடியாது. அவருக்கு ஒரு எடுபிடி. லூவான்னு வேற மொழியில எழுதின ஸ்கிரிப்ட், ஒரு குட்டி புரோகிராம். இதை யாரும் திறந்து படிக்கலாம், நினைச்சா மாத்தலாம்.”

“ஆபீஸ்லயே மாத்திக்கட்டும்னுதான் அப்படி வச்சிருக்கு,” என்றான் கிளைட்டன். குரலில் பழைய மெருகு இல்லை.

“பச்சை பட்டனை அழுத்தினதும் பெரியவர் எடுபிடியைக் கூப்பிடுறாரு. இங்க ‘ஓட்டலாமா’ன்னு ஒரு ஃபங்ஷன், கேட்டா பதில் சொல்ற ஒரு துண்டு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தட்டு. பெரியவர் அதுல கேள்வியை வைப்பாரு. எடுபிடி எடுத்துப் பாத்துட்டு, அதே தட்டுல ஆமா, இல்லைன்னு பதில் வைக்கும்.”

“வெள்ளைக் கார்டுக்கு ஆமான்னு வச்சிருக்கா?”

“அதான் இல்ல. புதுசா ஒரு வரி சேத்திருக்காங்க. கயிறு பிடிக்கிறவரைத் தேடி எடு, அவருக்குப் பயிற்சி உண்டான்னு பாரு, இல்லாட்டா ஓட்டாதேன்னு. நல்ல வரிதான். ஆனா வெள்ளைக் கார்டுக்கு உள்ள ஆளே கிடையாது. இல்லாத ஆளுக்குப் பயிற்சி உண்டான்னு கேட்டதும் ஃபங்ஷன் அங்கனயே விழுந்திருச்சு, பாதியில நின்னுபோச்சு. பதிலே சொல்லல.”

“பதில் சொல்லாட்டா எப்படி ஓடிச்சு?”

“விழுந்தா, ‘இந்த வரியில விழுந்துட்டேன்’னு ஒரு சீட்டு தட்டுக்கு வந்துரும். எடுபிடி விழுந்துச்சான்னு பெரியவர் முதல்ல விசாரிக்கணும். விசாரிக்காம தட்டுல என்ன இருக்குன்னு மட்டும் பாத்தா மோசம். இந்த மொழியில ‘இல்லை’யும் ‘ஒண்ணுமே இல்லை’யும்தான் மறுப்பு. மத்த எது இருந்தாலும் ஆமான்னுதான் எடுத்துக்கும். சீட்டும்தான்.”

சந்தனச்செல்விக்குப் புரிய ஒரு கணம் ஆனது. “அலறினதை ஆமான்னு எடுத்துக்கிட்டிருக்கு.”

“சந்தேகமா இருந்தா பாருங்க.” அவன் ஸ்கிரிப்டை வேறொரு பேரில் காப்பி எடுத்து வைத்துவிட்டு, ஃபங்ஷனின் முதல் வரியிலேயே விழும்படி ஏதோ தட்டினான். கிளைட்டனின் நீலக் கார்டையே வாங்கிக் காட்டினான். சற்றுமுன் சாமி வந்தாலும் ஓடாது என்ற அதே கார்டு. பச்சையை அழுத்தியதும் பம்ப் முழங்கியது. நிறுத்திவிட்டு, ஸ்கிரிப்டைப் பழையபடி வைத்தான்.

கிளைட்டன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். “இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? சத்தியமா தெரியாது.”

“உங்க காலுக்குத் தெரிஞ்சிருக்கே,” என்றாள் சந்தனச்செல்வி.

“என்னது?”

“முதல்ல உங்க கார்டு வச்சப்ப குழாய் மேல காலைப் போட்டுட்டு நின்னீங்க. நான் வெள்ளைக் கார்டை வச்சதும் காலை எடுத்துட்டு ரெண்டெட்டு தள்ளிப் போயிட்டீங்க. அதுவரைக்கும் அண்ணாச்சி பட்டன்ல விரலே வைக்கல. பம்ப் ஓடாதுன்னு நம்புற ஆள் எதுக்கு விலகணும்?”

ஏட்டு கிளைட்டனின் காலையே பார்த்தார்.

“ஆரம்பத்துல ஸ்கிரிப்ட் அடிக்கடி விழும்,” என்றான் கிளைட்டன் கடைசியில். “விழுந்தா பம்ப் நிக்கும். கப்பல் வெளிய காத்துக் கிடக்கும். மேல உள்ளவங்க என்னைத்தான் போன்ல திட்டுவாங்க. விழுந்துச்சான்னு பாக்குற அந்தச் சோதனையை எடுத்துட்டேன். பொறவு போட்டுக்கலாம்னு நினைச்சேன். போடல.”

“வளன் செத்த அன்னைக்கே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.”

“மறுநாள்.”

“மறுநாள் தெரிஞ்சும் அந்தப் பையனை உள்ள வச்சிருக்கீங்க.”

அவன் நிமிர்ந்தான். பயந்த மனிதனுக்குத் திடீரென்று ஒரு கழி அகப்பட்டால் வருகிற தைரியம் முகத்தில் வந்தது. “இதைக் கோர்ட்டுக்குக் கொண்டு போங்க மேடம். என் தப்பு என் தப்புதான். ஆனா என் புரோகிராம் அத்தனை நாளா ஓடிச்சு, ஒருத்தரும் சாகல. செத்தது அந்தப் புது வரி வந்த பொறவு. அதை எழுதினது யாருன்னு கேளுங்க. எமில்டா. ஸ்கிரிப்ட் எல்லாம் அவ பொறுப்பு. தம்பியை வெளிய எடுக்கணும்னா அவ பேரு உள்ள வரும். அவளுக்கு இது தெரியுமான்னு முதல்ல கேட்டுட்டு வாங்க.”

ஏட்டு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். பெட்டியை யாரும் தொடக்கூடாது, கிளைட்டனை அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சந்தனச்செல்வியால் அதில் சந்தோஷப்பட முடியவில்லை. ஜெயித்த வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கால் பின்னி நடந்தது அவளுக்கு இதுவே முதல் தடவை.

ஆட்டோவில் பெனிஸ்டன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. பாதி வழியில்தான் பேசினான். “அவங்க எழுதின வரியில விழுந்துதான் பம்ப் ஓடிச்சுன்னு நாம எமில்டாக்காகிட்ட சொல்லித்தான் ஆகணுமாக்கா?”

“நாளைக்குக் கோர்ட்ல கிளைட்டனோட வக்கீல் எல்லாரையும் வச்சுக்கிட்டுச் சொல்லுவான். அதுக்கு நாம சொல்லுறது மேல்.”

எமில்டா வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். சுவரில் வளனின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. சந்தனச்செல்வி சுற்றி வளைக்கவில்லை. பட்டனை ரோச் தொடவில்லை என்றாள். எமில்டா கண்ணை மூடித் திறந்து, “எனக்குத் தெரியும்,” என்றாள். சந்தனச்செல்வி வெள்ளைக் கார்டைப் பற்றிச் சொன்னாள். எடுத்துவிட்ட சோதனையைப் பற்றிச் சொன்னாள். அதற்குமேல் சொல்ல நாக்கு எழாமல் நிறுத்தினாள்.

ஆனால் எமில்டா அந்த வேலையைச் செய்பவள். மீதியை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

“பயிற்சி வரி,” என்றாள்.

சந்தனச்செல்வி தலையசைத்தாள்.

“லோடுமேனை எல்லாம் கயித்துல நிறுத்துதாங்கன்னு அவர் வீட்ல வந்து புலம்புவார். அதான் எழுதினேன். பயிற்சி இல்லாத ஆள் கயித்துல நின்னா பம்ப் ஓடக்கூடாதுன்னு.” அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிசைந்தன. “ஆள் இல்லாத கார்டுக்கு வரி விழும்னு எனக்குத் தெரியும் மேடம். விழட்டும்னுதான் விட்டேன். விழுந்தா பம்ப் நிக்கும்னு கிளைட்டன் சார் என்கிட்ட சொல்லியிருந்தார். நான் திரும்பக் கேக்கல.”

“அவன் சொன்னது பொய். உன் வரி செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கு.”

“விழுந்தப்ப என்ன சொல்லிச்சு?” எமில்டா பெனிஸ்டனைப் பார்த்துக் கேட்டாள்.

அவன் சந்தனச்செல்வியைப் பார்த்தான். அவள் தடுக்கவில்லை. “இல்லாத ஒருத்தர்கிட்ட கேக்கேன்னு வரும்லாக்கா. அதான்.”

“அதைக் கேட்டுட்டுத்தான் பம்ப் ஓடிச்சா?”

“ஆமாக்கா.”

அவள் அழுவாள் என்று சந்தனச்செல்வி எதிர்பார்த்தாள். அழவில்லை.

“கிளைட்டன் உன் பேரை இழுப்பான்,” என்றாள் சந்தனச்செல்வி. “தப்பு அவனோடதுதான், அதை நான் நிரூபிப்பேன். ஆனா கோர்ட்ல, பேப்பர்ல, தெருவுல எல்லா இடத்துலயும் முதல்ல உன் பேருதான் அடிபடும். அதை உன்கிட்ட மறைச்சுட்டு மேல போக எனக்கு மனசில்ல. நீ வேண்டாம்னா வேற வழி தேடிப் பாக்கேன்.”

“வேற வழி இருக்கா?”

“இல்ல.”

எமில்டா எழுந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டாள்.

“எந்த ஸ்டேஷன் மேடம்?”

“இன்னைக்கே வேண்டாம்மா. கொஞ்சம் ஆறிக்கோ.”

“என் தம்பி இம்புட்டு நாளா அங்க உக்காந்து, தன் கைதான் அவரைக் கொன்னுச்சுன்னு நினைச்சுட்டுக் கெடக்கான்,” என்றாள் எமில்டா. “அவன் கையில ஒண்ணுமில்லன்னு அவனுக்குத் தெரியணும். அந்த நினைப்பை அவன் விடட்டும். நான் எடுத்துக்கிடுதேன்.”

“அது உன்னோடதும் இல்ல, எமில்டா.”

“தெரியுது மேடம்,” என்று சொல்லிக்கொண்டே அவள் செருப்பை மாட்டினாள். “இந்த வீட்ல ராத்திரி தனியாப் படுக்கையில அது தெரியாது.”

பெனிஸ்டன் வெளியே போய் ஆட்டோவை நிறுத்தினான்.